என் இடப்பக்கம் நின்றவர்

என் புருஷன் பொய் சொல்ல மாட்டார் என்று எங்கள் துப்பாக்கி சுடும் ஃபெரைனில் எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டிக்காகக்கூடச் சொல்ல மாட்டார் என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கோப்பி மெசின் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டும்போது இந்தக் கதையையும் கையோடு சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்டாட்டி நான்தான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு சிரிக்க வேண்டும். சிரிப்பேன். வேறென்ன செய்வது?

ஃபெரைன் என்றால் சங்கம். இந்தச் சுவிஸ் நாட்டில் நாலு பேர் சேர்ந்து நடக்கப் போனாலும் அதற்கொரு ஃபெரைன் வைத்து, ஒரு பிரசிடென்டைத் தெரிவு செய்து, வருஷம் ஒருமுறை கூட்டம் போட்டுவிடுவார்கள். சுடுவதற்கும் அப்படித்தான். ஊருக்கு ஒரு சுடுமிடம் உண்டு. நான் சின்னப் பெண்ணாக இங்கே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அகதிகள் காம்புக்குப் பின்னாலிருந்த காட்டிலிருந்து வெடிச்சத்தம் கேட்டு, அம்மா என்னை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். காம்ப் பொறுப்பாளர் வந்து, அது விளையாட்டு, பின்னேரம் நின்றுவிடும் என்று கையைக் காலை ஆட்டிச் சொல்லி எங்களை வெளியே எடுத்தார். விளையாட்டாம். அம்மா கடைசிவரை அதை நம்பவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, அவித்து, பொதி கட்டி அனுப்பும் பகுதி. எங்கள் வீடு பேர்ணுக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில். 2009இல் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஆட்கள் பலருக்கு என்ன செய்வதென்று தெரியாத ஒரு காலம் வந்தது. போவதற்கு ஊர்வலமும் இல்லை, கூட்டமும் இல்லை. சனிக்கிழமைகள் வெறுமையாய்க் கிடந்தன. அப்படியொரு சனிக்கிழமைக்குத்தான் கூட வேலை செய்யும் சுவிஸ்காரி என்னைக் கூப்பிட்டாள். "எங்கள் ஃபெரைனில் திறந்த நாள். வந்து ஒருக்கால் சுட்டுப் பார்" என்றாள். எங்களுக்குச் சிவப்பு நிறச் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இந்த நாட்டில் ஆயுதம் வாங்க விடமாட்டார்கள். இப்போது நான் சுவிஸ்காரி, எனக்கென்ன என்று ஒரு வீம்பில்தான் போனேன்.

குப்புறப் படுத்துக்கொண்டு தூரத்து வட்டத்தைச் சுடுவார்கள் என்று நினைத்தேன். இங்கே ஆட்கள் ஓடினார்கள். மணல்மேட்டுக்கு முன்னால் மரப்பலகைச் சுவர்கள், ஜன்னல் மாதிரி ஓட்டைகள், அங்குமிங்கும் மட்டை இலக்குகள், இரும்புத் தட்டுகள். நடுவர் ஒரு டைமரைத் தூக்கிப் பிடிப்பார். அது 'பீப்' என்றதும் இடுப்பிலிருக்கும் பிஸ்டலை எடுத்து, ஓடி, குனிந்து, எட்டிப் பார்த்து, எல்லா இலக்கையும் சுட்டு முடிக்க வேண்டும். மட்டையின் நடுவில் பட்டால் கூடப் புள்ளி, ஓரத்தில் பட்டால் குறையப் புள்ளி. பிறகு புள்ளியை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். அவசரப்பட்டால் புள்ளி போகும். ஆறுதலாய்ச் சுட்டால் நேரம் போகும். இவ்வளவுதான் விஷயம்.

அங்கே நின்றவர்களும் பெரிய வீராதிவீரர்கள் இல்லை. ஒரு பேக்கரிக்காரி, ஒரு ட்ராம் சாரதி, முழங்கால் மாற்றிய ஒரு பென்ஷன்காரர். பிரசிடென்ட் முன்னாள் தபால்காரர். பிஸ்டல், உறை, காதுமூடி எல்லாம் இரவலாகத் தந்தார்கள். முதல் நாள் நான் சுட்டதில் பாதி மணலுக்குள் போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. முழங்கால் மாற்றியவர் வந்து, "கையை நெரிக்காதே, உருளைக்கிழங்கு இல்லை அது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது நடுவில் பட்டது.

எனக்கு அது ஏன் பிடித்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க யாரோ சொன்னதைச் செய்கிறேன். இதைக் கழுவு, அதை அடுக்கு, இந்தக் கூடைக்கு முதலிடம் கொடு. அந்த 'பீப்'புக்குப் பிறகு எதை முதலில் சுடுவது, எங்கே தோட்டா தீர்ந்த மகசீனை மாற்றுவது, எந்த ஓட்டையால் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் என் முடிவு. சரி வந்தாலும் என்னால், பிழை வந்தாலும் என்னால். இதைவிடச் சந்தோஷம் எனக்கு இந்த நாட்டில் வேறெதிலும் கிடைக்கவில்லை.

என் புருஷனுக்கு முதலில் சம்மதமில்லை.

"சனம் என்ன கதைக்கும்? தமிழ்ப் பொம்பிளை துவக்கோடை திரியிறாள் எண்டு பொலிசுக்கும் சொல்லுவினம்" என்றார்.

"சொல்லட்டும். பொலிஸ்காரனே அங்கை வந்து சுடுறான்."

என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்காக ஒருநாள் வந்தவர், அன்று பின்னேரம் இரவல் உறையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கெட்டிக்காரர், சும்மா சொல்லக்கூடாது. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்து பழகிய உடம்பு. நாலு அடுப்பை ஒரே நேரத்தில் பார்க்கும் கண். ஆனால் சுடுவதைவிட அவருக்கு அந்த ஃபெரைன்தான் பிடித்துப்போனது. முதல் ஆளாய்ப் போவார், கடைசி ஆளாய் வருவார். வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்குவார், குடிலைக் கூட்டுவார். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தல்களைத் தெருத் தொட்டியில் போடப் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்கும் என்று திங்கள்வரை வைத்திருப்பார். "எங்களைப் பாத்துத்தான் எங்கடை முழுச் சனத்தையும் எடை போடுவாங்கள்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் வசனம். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்ட காலமும் இருந்தது. அந்த வசனம் என்மேலேயே வந்து விழும் என்று அப்போது தெரியாது.

தமிழ்க் கடைக்காரருக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, சனத்துக்கு முன்னால் கேட்டார். "என்னக்கா, அங்கை பழகினதோ, இஞ்சை பழகினதோ?"

"அங்கை ஓடத்தான் பழகினனான். இஞ்சை ஓடிக்கொண்டு சுடப் பழகிறன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. முருங்கைக்காய் இரண்டைக் கூடப் போட்டுத் தந்தார்.

இந்த விளையாட்டில் பிஸ்டலைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் ஓடினாலும், எப்படித் திரும்பினாலும், குழல்முனை மணல்மேட்டுப் பக்கமே பார்க்க வேண்டும். மணல்மேட்டைப் பார்த்து நின்றால் நம் இரண்டு தோளுக்கும் நேராகப் பக்கவாட்டில் ஒரு கோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முனை அந்தக் கோட்டைத் தாண்டி, ஆட்கள் நிற்கும் பின்பக்கம் ஒரு விரலளவு திரும்பினாலும் நடுவர் 'ஸ்டொப்' என்று கத்துவார். அத்தோடு அன்றைய போட்டி முடிந்தது. சுட்ட புள்ளியெல்லாம் பூச்சியம். கெஞ்சினாலும் நடக்காது. அதுதான் சரி என்றும் சொல்வேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் நான் அந்த இடத்துக்கே போயிருக்க மாட்டேன்.

நான் இடக்கைக்காரி. சாப்பிடுவதற்கு மட்டும் அடித்து வலக்கைக்குப் பழக்கினார்கள், மற்றதெல்லாம் இடக்கைதான். இடக்கைக்காரருக்கு, இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டு மகசீன் மாற்றும்போதுதான் முனை தன்பாட்டில் கோட்டைத் தாண்டப் பார்க்கும். அதனால் வீட்டில், வரவேற்பறைக் கம்பளத்தில், நீலநிற ஒட்டுநாடாவால் அந்தக் கோட்டைப் போட்டு வைத்திருந்தோம். கையில் பிளாஸ்டிக் பிஸ்டல். அவர் சோபாவில் இருந்து டைமரை அமத்துவார். நான் தொலைக்காட்சியடியிலிருந்து சாப்பாட்டு மேசைவரை ஓடுவேன்.

"முழங்கையைப் பாரும். திரும்பேக்கை முழங்கை முதல் போகுது."

"இப்ப?"

"இப்ப சரி. இன்னொருக்கால்."

குழம்பு அடுப்பில் இருக்கும்போதுகூட இதைச் செய்திருக்கிறோம். கடைசியில் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். வலப்பக்கம் ஓட வேண்டிய இடத்தில் நான் ஓடிக்கொண்டு மகசீன் மாற்றுவதே இல்லை. நின்று மாற்றிவிட்டுத்தான் ஓடுவேன். கொஞ்ச நேரம் போகும், போகட்டும். என் கை எப்படிப் போகும் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்தது இதை வைத்துத்தான் எனக்கு வலித்தது.

2013 கோடையில் ஊஸ்டர் என்ற ஊருக்கு அப்பால் ஒரு பழைய மணல்கிடங்கில் போட்டி நடந்தது. அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் ஃபெரைன் இத்தாலிக்கு ஒரு பெரிய போட்டிக்கு நாலு பேரை அனுப்ப இருந்தது. மூன்று பேர் முடிவாகியிருந்தார்கள். நாலாவது இடம் பேக்கரிக்காரிக்கா எனக்கா என்ற நிலை. ஊஸ்டரில் யார் முன்னுக்கு வருகிறாரோ அவருக்கு என்று பிரசிடென்ட் சொல்லியிருந்தார். என் வாழ்க்கையில் என்னை யாராவது தெரிவு செய்து அது பலித்ததே இல்லை. ஊரில் பள்ளிக்கூட அணிக்கு வலைப்பந்து விளையாடத் தெரிவான வாரம் இடம்பெயர்ந்தோம். இங்கே வந்த பிறகு, இருக்க விடுவார்களா மாட்டார்களா என்பதுதான் ஒரே தெரிவு. எனவே அந்த நாலாவது இடம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உயிரைக் கொடுத்தாவது வேண்டும் போலிருந்தது. வேலையில் லீவுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டேன்.

மத்தியானம்வரை நான் பேக்கரிக்காரிக்கு முன்னால் நின்றேன். ஒரு போட்டியில் பல களங்களில் சுட வேண்டும், இது கடைசிக்கு முந்திய களம். இடப்பக்க ஜன்னலில் தொடங்கி வலப்பக்கச் சுவர்வரை நீளமாய் ஓட வேண்டும். சரியாக என் பொறி. எல்லோரும் போய் வெறுங்கையால் நடந்து பார்க்கும்போது, நிற்கும் இடத்தைச் சப்பாத்து நுனியால் மண்ணில் கீறி வைத்தேன். இங்கே நின்று மாற்று, பிறகு ஓடு.

எங்கள் போட்டிகளில் வேலையாட்கள் கிடையாது. ஒருவர் சுட்டு முடித்ததும் மற்றவர்கள் ஓடிப்போய் மட்டைகளின் ஓட்டைகளுக்குச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, தட்டுகளை நிமிர்த்திவிட வேண்டும். என் முறை வந்தபோது, என் புருஷன் ஸ்டிக்கர் சுருளோடு இடப்பக்கம், எல்லைக் கயிற்றுக்குப் பின்னால் நின்றார். வழக்கமாக அவர்தான் என்னை போனில் படம் எடுப்பார். அன்று கை ஓய்வில்லை. எடுத்திருந்தாலும் உதவாது, படத்தைச் சாட்சியாக எடுப்பதில்லை என்பது விதி. மனுஷர் கண்ணால் கண்டதுதான் செல்லும்.

நடுவர் என் வலப்பக்கம் வந்து நின்றார். வலக்கைக்காரருக்கு நின்று பழகிய ஆள், எனக்கு இடப்பக்கம் நின்றால்தான் கை தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'பீப்' கேட்டது. ஜன்னலால் மூன்று மட்டை, கீழே குனிந்து ஒரு தட்டு, கீறிய இடத்தில் நின்று மகசீன் மாற்றினேன். ஓடினேன். நடுவர் எனக்கு வழிவிட்டுப் பின்னால் போனார். என் முதுகும் தோளும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஸ்டொப்!"

அப்படியே நின்றேன். கை மணல்மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவர் சொன்னபடி தோட்டாவைக் கழற்றிக் காட்டி, பிஸ்டலை உறையில் வைத்தேன். முனை கோட்டைத் தாண்டிவிட்டது என்றார். இல்லை என்றேன். நான் வாயடிக்கிறவள்தான், ஆனால் அந்த நேரம் சத்தம் போடவில்லை. பிரசிடென்டும் தலைமை நடுவரும் வந்தார்கள். இவள் இடக்கைக்காரி, நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று தலைமை நடுவர் அந்த நடுவரைக் கேட்டார். வலப்பக்கம் என்று நடுவர் ஒத்துக்கொண்டார். அப்படியென்றால் இடப்பக்கமிருந்து யார் பார்த்தது என்று கேள்வி வந்தது. எல்லோரும் என் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மையாகவே பெருமூச்சு விட்டேன். அவர்தானே நிற்கிறார் என்று.

அவர் ஸ்டிக்கர் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு டொச்சில், ஜெர்மன் மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஓம். தாண்டியது. நான் பார்த்தேன்."

தலைமை நடுவர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். அவ்வளவுதான், முடிந்தது. கேவலம் என்னவென்றால், நானும் நம்பினேன். என் கை எனக்குத் தெரியும், ஆனால் அவர் பார்த்தேன் என்கிறாரே. ஆயிரம் தடவை பார்த்த மனுஷர் பிழையாகச் சொல்வாரா? ஒருவேளை ஓடத் தொடங்கும்போது எனக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்து, நடுவரிடம் போய்க் கைகொடுத்து, மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆட்களுக்கு நேரே துப்பாக்கியைத் திருப்பியவள் என்ற நினைப்பு எனக்கு. நடந்திராத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் இதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கும்.

நீக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்விடுவது எங்கள் பழக்கம் இல்லை. நின்று மற்றவர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பின்னேரம்வரை ஒட்டினேன். பேக்கரிக்காரி சுட்ட ஓட்டைகளையும் நான்தான் மூடினேன், நன்றாகத்தான் சுட்டிருந்தாள். பிரசிடென்ட் என் புருஷனின் தோளில் தட்டி, "இப்படி ஒரு மனுஷனை நான் இந்த ஃபெரைனில் கண்டதில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது அந்தத் தபால்காரருக்கு. நடுவர் பயிற்சிக்கு அடுத்த முறை உன்னைத்தான் அனுப்பப் போகிறோம் என்றும் சொன்னார். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து, சோற்றை வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பிஸ்டலை எடுத்தேன். பிழை எங்கே என்று தெரிந்தால்தானே திருத்தலாம். எங்கள் வேலை எப்போதும் அப்படித்தான். அன்றைக்குச் செய்த பிழையை அன்றைக்கே கம்பளத்தில் செய்து பார்ப்போம். அவரைக் கூப்பிட்டுச் சோபாவில் இருத்தினேன்.

"எவ்வளவு தாண்டினது? கொஞ்சமோ, கனக்கவோ?"

"கொஞ்சம்."

"எந்த இடத்திலை? ஓடத் தொடங்கேக்கையோ, இல்லாட்டி உந்தக் கதிரையடிக்கு வரேக்கையோ?"

"கதிரையடியிலை எண்டு வையுமன்."

ஓடிக் காட்டினேன். "இப்பிடியோ?"

"ம்."

"இது தாண்டேல்லையே. இதைவிடத் திரும்பினதோ?"

"கொஞ்சம் கூட."

கூடத் திருப்பி ஓடினேன். அப்படித் திருப்புவதற்கு நான் மணிக்கட்டை முறிக்க வேண்டியிருந்தது. "இப்பிடி ஆராவது ஓடுவினமோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. முழங்கை மேலையோ, கீழையோ?"

அவர் முகத்தைத் துடைத்தார். "இஞ்சேரும், விடும் உதை."

"ஏன்?"

"நான் பாக்கேல்லை."

"என்னத்தைப் பாக்கேல்லை?"

"உம்மடை கையை. ஸ்டிக்கர் உரிச்சுக்கொண்டு நிண்டனான். அவன் ஸ்டொப் எண்ட பிறகுதான் நிமிந்தனான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "பேந்தென்னத்துக்குப் பாத்தனான் எண்டு சொன்னனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? தாண்டேல்லை எண்டால், பெண்டாட்டிக்காகப் பொய் சொல்லுறான் எண்டுவாங்கள். பாக்கேல்லை எண்டால் மழுப்பிறான் எண்டுவாங்கள். தமிழர் எல்லாம் இப்பிடித்தான், ஒருத்தரை ஒருத்தர் மூடிக் குடுப்பினம் எண்டு ஒரு கதை வரும். எங்களை அங்கை எவ்வளவு மரியாதையா வைச்சிருக்கிறாங்கள். யோசிச்சுப் பாரும்."

"அப்ப நான்?"

"அடுத்த வருஷமும் போட்டி வரும்தானே."

எனக்கு வந்த விசருக்குப் பிளாஸ்டிக் பிஸ்டலைச் சுவரில் எறிந்தேன். அது உடையக்கூட இல்லை. இந்த மனுஷன் தன்னை நேர்மையானவன் என்று காட்டுவதற்குப் பொய் சொல்லியிருக்கிறார். அதுவும் என்னை வைத்து. வேறு எவனாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மறந்திருப்பேன். என் இடப்பக்கம் நின்ற ஒரே ஆள் என் காலை வாரிவிட்டார். பிரசிடென்டுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"இப்ப போய்ச் சொன்னால் என்னைப் பொய்யன் எண்டுவாங்களே" என்றார். உண்மையிலேயே பயந்த முகம்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் யார் நம்புவார்கள்? தோற்றவள் சாட்டுச் சொல்கிறாள் என்பார்கள். நம்பினாலும், என் புருஷன் பொய்யன் என்று நானே ஊரறியச் சொன்னதாகும். பெண்டாட்டிக்காகப் பொய் சொன்ன தமிழன் என்று வந்திருக்கக்கூடிய பெயர், பெண்டாட்டிக்கு எதிராகப் பொய் சொன்ன தமிழன் என்று வரும். இரண்டில் எது மேல்? அவர் என்னை அந்த மூலைக்குள் தள்ளிவிட்டுத் தான் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார்.

எங்கள் ஃபெரைனில் இன்னொரு வழக்கம் உண்டு. போட்டியில் நீக்கப்பட்டவர் அடுத்த பயிற்சிக்கு எல்லோருக்கும் கேக் செய்துகொண்டு போக வேண்டும். வேடிக்கைக்காக வைத்தது. நானும் பட்டர் கேக் செய்தேன், ஆத்திரத்தில் சீனியையும் பட்டரையும் அடித்த அடியில் கேக் பஞ்சு மாதிரி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நடந்ததை நான் நல்லபடியாக எடுத்துக்கொண்டேன் என்று மெச்சினார்கள். என் புருஷன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதை நான் செய்த பெரிய புண்ணியமாக இன்னும் நினைக்கிறேன்.

இத்தாலிக்குப் பேக்கரிக்காரி போனாள். அங்கிருந்து நாலு பேரும் நின்ற படம் வந்தது. என் புருஷன் நடுவர் பயிற்சிக்குப் போனார், தேறினார், நடுவர் சட்டையோடு வந்தார். "உந்தச் சேட்டை நீங்களே இஸ்திரி போடுங்கோ" என்றேன். போட்டார். நல்ல நடுவர் என்று பெயரும் எடுத்தார்.

சுடுவதை நான் விட்டேனா? விடவில்லை. அவருக்காக நான் ஏன் விட வேண்டும்? பிறகும் ஒரு தடவை அணியில் இடம் வந்தது, பிரான்சில் ஒரு சின்னப் போட்டிக்குப் போய்வந்தேன். நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் ஊஸ்டரில் போனது திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எந்தப் போட்டியிலும் தொடங்குமுன் நடுவரிடம், "நான் இடக்கை, தயவுசெய்து இந்தப் பக்கம் வாருங்கள்" என்று சொல்லிவிடுவேன். பிரிந்தோமா என்றால் அதுவும் இல்லை. ஒரே மேசையில் சாப்பிட்டோம், ஒரே காரில் போனோம். ஆனால் அவரிடம் ஒன்றைக் கேட்டு நம்புவது எனக்கு நின்றுபோனது. பால் இருக்கிறது என்று அவர் சொன்னாலும் நான் எழும்பிப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கம்பளத்தில் நீலக்கோடு தேய்ந்து, ஒருநாள் தூசி உறிஞ்சியோடு உரிந்து வந்துவிட்டது. புதிதாகப் போடவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு போட்டிகள் திரும்பத் தொடங்கிய வருஷம். அதே மணல்கிடங்கு. அவருக்குத் தொந்தி வைத்திருந்தது, மூச்சு வாங்கியது, ஆனாலும் சுட வந்திருந்தார். அவர் வலக்கை. வலமிருந்து இடமாக ஓட வேண்டிய களம். நான் ஸ்டிக்கர் சுருளோடு வலப்பக்கக் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். ஸ்டிக்கர் உரிக்கும்போதும் சுடுகிறவரின் கையிலிருந்து நான் கண்ணை எடுப்பதில்லை. அது எப்போதிலிருந்து என்று சொல்லத் தேவையில்லை.

பாதி ஓட்டத்தில் அவருக்குக் கால் சறுக்கியது. விழாமல் சுதாரித்தார். பிஸ்டல் கை பக்கவாட்டில் அகலப் போனது. நடுவருக்கும் அவருக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்.

"ஸ்டொப்!"

பிரசிடென்ட் வந்தார். கிழண்டிப் போயிருந்தார், ஆனால் இன்னும் அவர்தான் பிரசிடென்ட், அன்றைக்குத் தலைமை நடுவரும் அவர்தான். என் புருஷன் பேயறைந்த மாதிரி நின்றார். நடுவர் சேட்டுப் போடுகிற ஒருவருக்கு இதைவிட மானக்கேடு இல்லை. வலப்பக்கமிருந்து பார்த்தது யார் என்ற கேள்வி வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

ஒரு சொல் போதும். எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். 'ஓம், தாண்டியது, நான் பார்த்தேன்' என்ற அந்த மூன்று துண்டும் டொச்சில் என் வாய்க்குள் ஆயத்தமாக நின்றது. இத்தனை வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம் அல்லவா. ஆனால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கை அகலப் போனது. முனை கோட்டுக்கு வந்தது, அதற்குள்ளேயே நின்றது, திரும்பியது. தாண்டவில்லை.

"தாண்டவில்லை" என்றேன். "கிட்டப் போனது. தாண்டவில்லை. கண்ணால் பார்த்தேன்."

நடுவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரசிடென்ட் கையை உயர்த்தி மறித்தார். "இந்த வீட்டில் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்ல மாட்டார்கள். அது எங்களுக்குத் தெரியும். அவர் மறுபடி சுடட்டும்" என்றார்.

ஊஸ்டரில் அவர் சொன்ன அந்தப் பொய்தான் என் உண்மைக்குப் பிணை நின்றது. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல், போய் மட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓடினேன். அவர் பக்கத்தில் இருந்தார். பேர்ணுக்குக் கிட்ட வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, கியரில் இருந்த என் கையின்மேல் தன் கையை வைத்தார். ஊஸ்டருக்குப் பிறகு அவர் அப்படி வைத்ததில்லை. இனியாவது அதைப்பற்றிக் கதைக்கப் போகிறார், ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். சரி, போகட்டும் என்று சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

"எனக்குத் தெரியும்," என்றார். "கை கோட்டைத் தாண்டிப் போட்டுது. சறுக்கேக்கை எனக்கே விளங்கிச்சுது. நீர் எனக்காகப் பொய் சொன்னீர்."

"நான் பொய் சொல்லேல்லை. பாத்தனான். தாண்டேல்லை."

"ஓம், ஓம்" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீர் பயப்பிடாதையும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."